ஒரே புனிதர், ஒரே நாள், மூன்று ஊர்கள்: கேசோன் மாகாணத்தில் எந்த விழாவுக்குப் போவது?

பிலிப்பைன்ஸின் கேசோன் மாகாணத்தில் மே 15 அன்று லுக்பான், தயாபாஸ், சரியாயா ஆகிய மூன்று ஊர்களும் ஒரே புனிதருக்கு விழா எடுக்கின்றன. உழவர்களின் காவலரான சான் இசிட்ரோவின் திருநாள் அது. மாட்ரிட் அருகே கூலிக்கு ஏர் ஓட்டியவர். அவர் பிரார்த்தனையில் இருந்தபோது தேவதூதர்கள் வந்து அவருக்காக உழுதார்கள் என்பது கதை. 1622-இல் புனிதர் பட்டம் பெற்றார். ஸ்பானியர்களோடு கப்பலேறி வந்தவரை, நெல்லும் தென்னையும் விளையும் இந்த மாகாணம் தன் வீட்டு ஆளாகவே ஆக்கிக்கொண்டது.

லுக்பானுக்கும் தயாபாஸுக்கும் இடையே ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். அங்கிருந்து லூசேனா வழியாகச் சரியாயாவும் தூரமில்லை. ஆனால் திருநாளன்று வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் சாலையைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மூன்றும் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விழாக்களே. லுக்பான் விளைச்சலைச் சுவரில் மாட்டிக் காட்டுகிறது. சரியாயா மூங்கிலில் கட்டிப் பறிக்க விடுகிறது. தயாபாஸ் கூட்டத்தின் மேல் வீசுகிறது. என் ஓட்டு தயாபாஸுக்கு. ஆனாலும் லுக்பானின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

லுக்பானின் பஹியாஸ் விழாதான் மூன்றிலும் பெயர்பெற்றது. வெளிநாட்டுப் பயணிகள் கேள்விப்பட்டிருப்பதும் அதையே. முன்பு உழவர்கள் விளைந்ததைக் கோயிலுக்கே கொண்டுவந்து மந்திரிக்கச் செய்தார்கள். கோயில் கொள்ளாத அளவுக்குக் குவிந்ததால், அவரவர் வீட்டு வாசலிலேயே வைக்கும் வழக்கம் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று ஊர்வலப் பாதையில் உள்ள வீடுகளின் முகப்பு முழுவதும் நெற்கதிர், புடலை, பாகல், கத்தரி, பூசணி, இங்கேயே பின்னப்படும் ஓலைத் தொப்பிகள் என மறைந்துபோகிறது. அவற்றுக்கு நடுவே கிப்பிங். அரிசி மாவில் சாயம் கலந்து, உண்மையான இலை ஒன்றின் மேல் தடவி, ஆவியில் வேகவைத்து உரித்தெடுக்கும் மெல்லிய தகடு அது. இலையின் நரம்புகள் அப்படியே பதிந்திருக்கும். சுருளாமல் இருக்க அடுக்கிப் பாரம் வைத்துக் காயவிடுகிறார்கள். பிறகு நூற்றுக்கணக்கில் கோத்து, சரவிளக்குபோல் மாடியிலிருந்து தொங்கவிடுகிறார்கள். விழா முடிந்ததும் நம் அப்பளம்போல் பொரித்துத் தின்றுவிடலாம்.

அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் ஏற்பாடு. ஊர்வலப் பாதை ஆண்டுதோறும் மாறுகிறது. இந்த ஆண்டு ஒரு தெரு செலவழிக்கும், அடுத்த ஆண்டு வேறு தெரு. எந்தக் குடும்பமும் வருடாவருடம் கடன்பட வேண்டியதில்லை. எந்தத் தெருவும் மனத்தாங்கலோடு ஒதுங்கி நிற்க வேண்டியதும் இல்லை. விழாவைப் பல தலைமுறைகளுக்கு ஓட்டத் தெரிந்தவர்களின் கணக்கு இது.

குறை என்ன? சிறந்த அலங்காரத்துக்குப் பரிசு உண்டு. அதனால் வீடுகள் நடுவர்களுக்காகவும் கேமராக்களுக்காகவும் உடுத்திக்கொள்கின்றன. விளம்பரப் பதாகைகளும் வந்துவிட்டன. அலங்காரம் நாள் முழுவதும் அசையாமல் நிற்பதால் படம் எடுக்க வசதி. லுக்பான் முந்திக்கொண்டதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வருகிறவர் பார்வையாளராகவே வந்து பார்வையாளராகவே திரும்புகிறார்.

சரியாயாவின் அகவான் விழாவில் அது நடக்காது. வீடுகளுக்கு முன்னால் கிளைகளோடு கூடிய மூங்கில்களை நட்டு, பழம், ரொட்டி, தின்பண்டம், துண்டு, தொப்பி, பொம்மை என்று கட்டித் தொங்கவிடுகிறார்கள். புனிதரின் சுரூபம் கடந்துபோனதும் மூங்கிலைச் சாய்க்கிறார்கள், கூட்டம் பாய்கிறது. கலகலப்புக்குக் குறைவில்லை. ஆனால் எட்டிப் பறிப்பவனுக்குத்தான் கிடைக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் ஒதுங்கி நிற்பதே நல்லது. காய்கறிகளுக்குப் பேர்போன ஊரில் கடையில் வாங்கிய பொருள்களே பல மூங்கில்களை நிறைப்பதும் எனக்கு உறுத்துகிறது. சரியாயாவின் உண்மையான பலம் அதன் பழைய மாளிகைகள். அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் தேங்காய் வியாபாரத்தில் கொழித்த குடும்பங்கள் கட்டியவை. ஒன்றை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஹுவான் நக்பில், இன்னொன்றை ஓவியர் ஹுவான் லூனாவின் மகன் ஆந்த்ரேஸ். அவற்றைப் பார்க்க மே 15 வேண்டாம். அமைதியான வேறொரு நாளே மேல்.

தயாபாஸ் பழைய பெருமையை இழந்த ஊர். ஒரு காலத்தில் மாகாணத்தின் பெயரே தயாபாஸ்தான். தலைநகர் 1901-இல் லூசேனாவுக்குப் போனது. 1946-இல் பெயரும் போய், மறைந்த குடியரசுத் தலைவர் மனுவேல் கேசோனின் பெயர் வந்தது. மிஞ்சியவை சாவி வடிவில் அமைந்த பெரிய கோயிலும், மலகொன்லொங் என்ற கல்பாலமும், மே மாதம் நடக்கும் மயோஹான் விழாவும். பாரங்காய்கள், அதாவது உள்ளூர் வட்டங்கள், போட்டி போட்டுக்கொண்டு அலங்கார வளைவுகள் கட்டுகின்றன. அவை அழகுதான், ஆனால் லுக்பானைப் பார்த்த கண்ணுக்குச் சாதாரணம்.

15-ஆம் தேதி ஊர்வலம் வரும்போதுதான் தயாபாஸ் வெல்கிறது. தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசியை இளம் ஓலையில் சுற்றிச் செய்யும் சுமன் என்ற பண்டத்தை வீட்டு மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் கூடைகூடையாக வீசுகிறார்கள். பிடித்தவருக்கு வளம் என்பது நம்பிக்கை. மூங்கிலைச் சுற்றி முண்டியடிக்க வேண்டியதில்லை. வீசுகிறவர் பார்த்து நம் பக்கமும் ஒன்றை எறிவார். சுற்றியது அந்த வீட்டுக் கை, விளைந்தது அந்தப் பக்கத்து நெல்லும் தேங்காயும். நன்றி என்பது கையிலிருந்து கைக்குப் போகும் விஷயம் என்றால் அது இங்கேதான் முழுசாக நடக்கிறது. புகைப்படத்தில் மட்டும் சரியாக விழாது.

சாப்பாட்டில் லுக்பானை அசைக்க முடியாது. வாழையிலைத் துண்டில் வைத்து, காடி தெளித்து, கையோ கரண்டியோ படாமல் நேராக வாயால் உண்ணும் பான்சித் ஹப்ஹப் நூடுல்ஸ். பூண்டு மணக்கும் லோங்கனீசா என்ற தொத்திறைச்சி. தயாபாஸின் விடை லம்பனோக், தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம். ஒரே கிண்ணம்தான் கூட்டத்தில் சுற்றும். குடிப்பவர் “நாஆய் போ” என்று அனுமதி கேட்க, மற்றவர்கள் “பாகினபாங்கன் போ” என்று சொன்ன பிறகே குடிக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: 2019 டிசம்பரில் லகூனா, கேசோன் மாகாணங்களில் மெத்தனால் கலந்த லம்பனோக் பல உயிர்களைப் பறித்தது. முத்திரையிட்ட பாட்டிலைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம்.

எனவே என் யோசனை இது. 14-ஆம் தேதியே லுக்பானுக்குப் போய்விடுங்கள். காய்கறி வாடக்கூடாது என்பதற்காகக் கடைசி நேரத்தில்தான் பல வீடுகள் அலங்காரத்தை முடிக்கின்றன. ஏணிமேல் ஆளும், கீழே கட்டளையிடும் பாட்டியும், நடுவில் அறுந்து விழும் கிப்பிங் சரமுமாக இருக்கும் அந்த மாலை, மறுநாள் காட்சியைவிடச் சுவையானது. தங்க இடம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் லூசேனாவில் தங்கலாம். 15-ஆம் தேதி விடிந்ததும், லுக்பானுக்குள் கூட்டம் ஏறிவரும் நேரத்தில், நீங்கள் எதிர்த்திசையில் தயாபாஸுக்கு இறங்கிவிடுங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் மட்டும் லுக்பானிலேயே இருந்துவிடலாம். அங்கே தலையில் எதுவும் வந்து விழாது.