படுவான்கரைக்கு ஒரு வாடகை மோட்டார் சைக்கிள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் படுவான்கரையைப் பேருந்தில் போய்ப் பார்த்துவிட முடியாது. முச்சக்கரவண்டி பிடித்துப் போகலாம் என்றாலும், நினைத்த இடத்தில் நிறுத்தி வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள் இறங்கி, அங்குள்ள வாடியில் (காவல் குடிசையில்) இருப்பவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வரும்வரை சாரதியைக் காக்க வைப்பது மனதுக்கு ஒப்பாது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த நானும் மனைவியும் கல்லடியில் ஒரு சிறிய கடையில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்தோம். ஒரு குறையைத் தவிர அந்தச் சேவை முழு மனநிறைவைத் தந்தது.

நாள் வாடகை 2,500 ரூபா. அடையாள அட்டையின் பிரதியை மட்டுமே கேட்டார்கள். மூல அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் முதலில் ஒரு ஸ்கூட்டியைத்தான் காட்டினார். எந்தப் பக்கம் போகிறோம் என்று அறிந்ததும், சிறிய சில்லுகள் கிறவல் (சரளை மண்) வீதிக்குச் சரிவராது, மாரி மழை அரித்த குழிகளில் முன்சில்லு தடுமாறும் என்று சொல்லி, கியர் உள்ள 125 சிசி வண்டியொன்றைக் கொண்டுவந்தார். அதில் ஏற்கெனவே இருந்த கீறல்களையும் எரிபொருள் மானியையும் எங்கள் கைபேசியிலேயே படமெடுக்கச் சொன்னதும் அவர்தான். வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் வண்டியிலேயே இருந்தன. காப்புறுதி மூன்றாம் தரப்புக்கு மட்டுமானது என்பதால், வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் செலவு எடுத்தவருடையது; இதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

குறை என்று நான் குறிப்பிட்டது பின்னிருக்கைக்குத் தந்த தலைக்கவசத்தை. அதன் நாடா பூட்டிக்கொள்ளவில்லை, மாற்றிக் கொடுக்க வேறொன்றும் கடையில் இருக்கவில்லை. பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் என்றிருக்க, உயிர் காக்கும் பொருளில் இப்படியொரு அலட்சியம் கூடாது. மனைவிக்காக நாங்கள் புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்ட பிறகே புறப்பட்டோம்.

வழியைப் பொறுத்தவரை, காத்தான்குடி, ஆரையம்பதி கடந்து மண்முனைப் பாலத்தால் போய், மகிழடித்தீவு, வவுணதீவு ஊடாக வலையிறவுப் பாலத்தால் நகருக்குத் திரும்புவதே நல்லது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது; இன்று பாலத்தின் நடுவில் வண்டியை மெதுவாக்கினால் இருபுறமும் தோணிகளையும் வலைகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். அக்கரையில் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரர் ஆலயத்தில், புல்லுண்டதாக ஊர் நம்பும் கல்நந்தியைத் தரிசிக்காமல் வரக்கூடாது. அறுவடைக் காலமென்றால் வீதியின் பாதியில் நெல் காயும். ஓரத்தில் வைத்த கற்களே எல்லை. அதன்மேல் ஏற்றினால் சில்லு வழுக்கும் என்பது ஒருபுறமிருக்க, அது ஒரு குடும்பத்தின் ஒரு போக விளைச்சல் முழுவதுமாக இருக்கலாம் என்பதால், எதிரே வாகனம் வந்தால் நின்று வழிவிட்டுப் போவதே முறை.

ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம்வரை போக விரும்புவோர் காலையிலேயே புறப்பட வேண்டும். மாலையானால் அப்பக்கம் யானைகள் வீதிக்கு வரும். பொழுது சாயுமுன் வலையிறவுப் பாலத்தைத் தாண்டிவிடுங்கள் என்று கடைக்காரர் இருமுறை சொன்னார். நாங்களும் அவ்வாறே திரும்பி வண்டியை ஒப்படைத்தோம். காலையில் எடுத்த படங்களோடு கீறல்களையும் எரிபொருளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மேலதிகமாக எதுவும் கேட்காமல் பெற்றுக்கொண்டார்.