பழைய படங்களா, கைவேலையா: இடிந்த கட்டடத்தைக் கணினியில் எழுப்ப எது தோது?

இடித்துத் தரைமட்டமாக்கிய ஒரு கட்டடத்தைக் கணினியில் மீட்டெடுக்க என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பழைய படங்களிலிருந்து மென்பொருளே முப்பரிமாண உருவத்தைக் கணக்கிட்டுத் தரும் ஃபோட்டோகிராமெட்ரி ஒன்று. பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் தூண் தூணாகக் கையால் எழுப்புவது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டுக் கைவேலைக்கே வந்து சேர்ந்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பிளெண்டரும் இலவசம், ஃபோட்டோகிராமெட்ரிக்கான மெஷ்ரூம் மென்பொருளும் இலவசம். படங்கள் சரியாக அமைந்தால் வேகத்தில் ஃபோட்டோகிராமெட்ரியை அடித்துக்கொள்ள முடியாது. எனக்கு அமையவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கேமராவில் எடுத்த 40 படங்களில் 9 மட்டுமே ஒன்றோடொன்று பொருந்தின. வந்ததெல்லாம் முகப்பின் ஒரு மூலை, உருகிய மெழுகு மாதிரி.

ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் 2001இல் தகர்க்கப்பட்ட பிறகு, சூரிக் இடிஎச் பல்கலைக்கழகக் குழு பெரிய சிலையைக் கணினியில் மீட்டது. 1970இல் அளவெடுப்பதற்கென்றே எடுக்கப்பட்ட நல்ல படங்கள் அவர்களிடம் இருந்தன. அப்படியிருந்தும், ஆடை மடிப்புகளைத் தானியங்கி முறை பிடிக்கவில்லை. ஆட்கள் உட்கார்ந்து கையால்தான் அளந்தார்கள்.

ஆனால் நான் முடிவெடுத்தது இதனால் அல்ல, திருத்தத்தால். இந்த வேலையில் புதிய ஆதாரம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். வாசற்படிகளை எண்ணி, படிக்கு 15 செ.மீ. என்று வைத்துப் பீடத்தின் உயரத்தைக் கணக்கிட்டிருந்தேன். வேலை முடிந்த பிறகு வேறொரு படம் கிடைத்தது. அதுவரை செடிப்புதர் மறைத்திருந்த இடத்தில் இன்னும் இரண்டு படிகள்! பீடத்தை 30 செ.மீ. உயர்த்தினேன். அப்புறம் தூணின் அடிப்பகுதியும் தப்பென்று தெரிந்தது. 24 தூண்களும் ஒரே மூலத்தின் இணைப்பு நகல்கள் என்பதால், ஒன்றைத் திருத்தியதும் மற்ற 23ம் தாமாக மாறிக்கொண்டன. ஃபோட்டோகிராமெட்ரி தரும் மெஷ்ஷில் இது நடக்காது. அதற்குத் தூண், படி, சுவர் என்ற பிரிவே தெரியாது. எல்லாம் சேர்ந்து முக்கோணங்களாலான ஒரே தோல்.

ஊகத்தை அடையாளம் காட்டுவதும் கைவேலையில் எளிது. எது ஆதாரம், எது ஊகம் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்கிறது, பாரம்பரியச் சின்னங்களைக் கணினியில் காட்டுவதற்கான நெறிகளைச் சொல்லும் லண்டன் சாசனம். படங்களில் எங்குமே தெரியாத பின்கட்டை நான் வெறும் சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிறேன். கைவேலையின் ஆபத்தும் அங்கேதான்: ஊகத்தையும் அச்சு அசலாகச் செதுக்கிவிட ஆசை வரும்.

நான் செய்தது நேர்கோடுகளும் வளைவுகளும் கொண்ட கட்டடம். சிற்பங்கள் மண்டிய சுவர் என்றால் இதே முடிவுக்கு வந்திருப்பேனா, சொல்லத் தெரியவில்லை. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தைப் போல, தீப்பிடிக்கும் முன்பே லேசரால் அளந்து வைத்திருந்தால் கதையே வேறு. அந்த மாதிரித் தரவை நான் தொட்டதில்லை.

அந்த மெழுகு மூலையை இன்னும் அழிக்கவில்லை. கார்னிஸ், அதாவது சுவரின் உச்சியில் நீண்டிருக்கும் விளிம்பு, எவ்வளவு துருத்தி நின்றது என்று சரிபார்க்க, அதைத்தான் மாடலுக்கு அடியில் வைத்துப் பார்க்கிறேன்.