ஜேபிஎல் ஓப்பன் சோர்ஸ் ரோவர்: காசுக்குத் தகுமா?

செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ரோவரைச் (ஆய்வு ஊர்தி) செய்த நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம், அதன் சிறு வடிவத்தை 2018-ல் இலவசமாக வெளியிட்டது. வரைபடம், பாகப் பட்டியல், மென்பொருள் எல்லாம் கிட்ஹப் இணையதளத்தில் கிடைக்கும். பாகங்களை நாம்தான் வாங்க வேண்டும். அப்போது சொன்ன செலவு 2,500 டாலருக்குள். இந்தியாவில் வரவழைத்தால் அனுப்பும் கூலியும் சுங்கமும் தனி. கோள் ரோபாட்டிக்ஸ் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மாணவருக்கு, சக்கர அமைப்பு ஒன்றுக்காகவே தகும்.

ராக்கர்-போகி எனப்படும் இந்த ஆறு சக்கர அமைப்பு 1997-ல் சோஜர்னர் ரோவரோடு செவ்வாயில் இறங்கியது. ஸ்பிரிங் கிடையாது. ஒரு சக்கரம் கல்மேல் ஏறினாலும் மற்ற ஐந்தும் தரையை விடாது. சக்கரங்களைத் தாங்கும் இருபக்கக் கைகளையும் இணைக்கும் டிஃபரன்ஷியல்தான் உடலை அதிகம் சாயாமல் நிறுத்துகிறது. பூட்டி முடித்ததும் உடலைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை மேலே தள்ளுங்கள். மறு கை தானாக இறங்க வேண்டும். முரண்டு பிடித்தால் எங்கோ திருகு அதிகமாக இறுகியிருக்கிறது, மேட்டில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். கியூரியாசிட்டியே விநாடிக்குச் சுமார் 4 செ.மீ.தான்!

தொல்லையெல்லாம் ஒயரிங்கில். ஆறு ஓட்டு மோட்டார்களுக்கு மூன்று ரோபோகிளா கன்ட்ரோலர்கள். மூன்றுக்கும் வெவ்வேறு முகவரி (128, 129, 130) கொடுக்காவிட்டால் ஒரே கட்டளைக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை பதில் சொல்லிக் குழப்பும். சுழற்சியை எண்ணும் என்கோடரின் ஏ, பி ஒயர்கள் இடம் மாறினால், வேகத்தைச் சரிசெய்யும் பிஐடி கணக்கு தப்பான திசையிலேயே திருத்திக்கொண்டு போகும். மோட்டார் முழு வேகத்தில் பிய்த்துக்கொண்டு ஓடும். அதனால் முதல் சோதனையில் ரோவரைப் பெட்டிமேல் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாமல் வைப்பது கட்டாயம். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடும். கன்ட்ரோலரில் குறைந்தபட்ச மின்னழுத்தம் வைக்கலாம், ஆனால் அது மோட்டாரை மட்டுமே நிறுத்தும். ரோவரை இயக்கும் சிறு கணினியான ராஸ்பெரி பை மின்சாரத்தைத் தொடர்ந்து உறிஞ்சும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சக்கர ஹப் திருகுகளில் லாக்டைட் (திருகுப் பசை) போடாவிட்டால் அதிர்வில் தளரும்.

தன்னாட்சி ஓட்டம் (தானே வழி பார்த்து ஓடுவது) இல்லாததுதான் இதன் பெரிய குறை. கேம் கன்ட்ரோலரால் ஓட்டலாம், அவ்வளவே. மணலில் சக்கரம் வழுக்கும்போது, என்கோடர் கணக்கு போகாத தூரத்தையும் போனதாகக் காட்டும். கியூரியாசிட்டி இதைக் கேமரா படங்களை ஒப்பிட்டுச் சரிசெய்கிறது. இங்கே கேமராவும் ஐஎம்யுவும் (அசைவையும் சாய்வையும் அளக்கும் சென்சார்) பொருத்தி நிரலை நீங்களே எழுத வேண்டும். வழிகண்டறியும் நிரல் மட்டுமே ஆர்வம் என்றால், ரோபாட் மென்பொருளான ரோஸ் 2-வும், கணினியிலேயே ரோபாட்டை ஓட்டிப் பார்க்கும் கசீபோ சிமுலேட்டரும் செலவில்லாமல் கிடைக்கின்றன, அங்கேயே தொடங்கலாம்.