பெரிய கம்பெனிகளின் வரி: பழைய வழியா, புதிய வழியா?

இந்தியாவில் கம்பெனி வரி 30 சதவீதம் என்று ரொம்ப காலமாகச் சொல்லி வந்தோம். அந்த 30-ஐ முழுதாகக் கட்டிய பெரிய கம்பெனிகள் குறைவு. 2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இன்னொரு வழியையும் திறந்துவிட்டார். எந்த வழி என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம்.

பழைய வழியில் 30 சதவீதத்தோடு, வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரிகளான சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால், 10 கோடிக்கு மேல் வருமானம் உள்ள கம்பெனிக்கு 34.94 சதவீதம். ஆனால் சிறப்புப் பொருளாதார மண்டல ஏற்றுமதி லாபம், புது இயந்திரத்துக்கான கூடுதல் தேய்மானம் என்று கழித்துக்கொள்ள நிறைய இடமுண்டு. புதிய வழியில் 22 சதவீதம், எல்லாம் சேர்த்து 25.17. இந்தச் சலுகைகள் கிடையாது. மாறிவிட்டால் திரும்பவும் முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019-20 விதிகளின்படி, 1,000 கோடி லாபத்துக்குப் புதிய வழியில் சுமார் 252 கோடி வரி. பழைய வழியில் 200 கோடி கழித்தால் 280 கோடி, 400 கோடி கழித்தால் 210 கோடி. லாபத்தில் 28 சதவீதம் வரை கழிக்க முடிந்தால் இரண்டும் சமம். அதற்கு மேல் கழிக்க முடிகிறவருக்குப் பழையதுதான் லாபம்.

சரி, 700 கோடி கழித்தால்? வரி 105 கோடிக்கு இறங்கும். அங்கேதான் 'மேட்' என்கிற குறைந்தபட்ச மாற்று வரி குறுக்கே வருகிறது. பங்குதாரருக்கு லாபம் காட்டி டிவிடெண்டும் கொடுத்துவிட்டு வரி மட்டும் கட்டாமல் இருந்த கம்பெனிகளுக்காக, 1996 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் கொண்டுவந்தது. 2019-20 விதிப்படி அது கணக்குப் புத்தகத்தில் உள்ள லாபத்தில் 15 சதவீதம், எல்லாம் சேர்த்து 17.47. ஆக 175 கோடி கட்டியே ஆக வேண்டியிருந்தது. அதிகப்படியாகக் கட்டிய 70 கோடி, பின்னால் வரும் வருடங்களில் கழித்துக்கொள்ளும் வரவாக நின்றது. புதிய வழிக்கு மாறினால் மேட் இல்லை, ஆனால் அன்றைய விதிப்படி சேர்த்து வைத்த வரவும் போய்விடும் என்று இருந்தது. மாறத் தயங்கிய கம்பெனிகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

என்னைக் கேட்டால் புதிய வழிதான் நேர்மையானது. 2019-க்கு முன்பு வருடா வருடம் பட்ஜெட் ஆவணமே சொன்னது: 500 கோடிக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் உண்மையில் கட்டிய விகிதம், சின்னக் கம்பெனிகள் கட்டியதைவிடக் குறைவு. சலுகைகளை விட்டால்தான் குறைந்த விகிதம் என்றால் அந்த அநியாயத்துக்கு இடம் குறைகிறது. ஆனால் 22 என்பது ரொம்ப மலிவு. இதனால் வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி போகும் என்று அரசே அன்று கணக்குச் சொன்னது. 2023-24-இல் கம்பெனி வரி சுமார் 9.1 லட்சம் கோடி, தனிநபர் வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்தம் கொடுக்கிறவர்களும் சேர்ந்த தனிநபர்கள், கம்பெனிகளைத் தாண்டிக் கட்டினார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒரு கம்பெனி நிஜமாகக் கட்டியதைப் பார்க்க, லாப நட்டக் கணக்கில் உள்ள வரிச் செலவு போதாது. பிறகு கட்டப்போகும் வரியும் அதில் கலந்திருக்கும். ஆண்டறிக்கையின் பணப்புழக்க அறிக்கையில் 'செலுத்திய வருமான வரி' என்று போட்டிருக்கும் தொகையைத் தேடுங்கள். அப்புறம் ஒரே வருடத்தோடு நிறுத்தாமல், ஐந்தாண்டு வரியைக் கூட்டி, ஐந்தாண்டு லாபத்தால் வகுத்துப் பாருங்கள்.