சிட்டத்தை உருண்டையாக்க எது நல்லது: கையா, கட்டையா, இயந்திரமா?

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் வரும்போதெல்லாம் பெட்டிக்குள் எனக்கென்று இரண்டு மூன்று சிட்டம் கம்பளி நூல் இருக்கும். புறக்கோட்டையில் நாம் வாங்கும் நூல் பெரும்பாலும் உருண்டையாகவே வருகிறது. லேபலைக் கழற்றினால் நேரே பின்னத் தொடங்கலாம். சிட்டம் அப்படியில்லை. பெரிய வளையமாகச் சுற்றி, மூன்று நான்கு இடத்தில் கட்டுப் போட்டு, முறுக்கி மடித்து வைத்திருப்பார்கள். கையால் சாயம் தோய்த்த நூல் இப்படித்தான் வரும், ஏனென்றால் தளர்வான வளையத்தில்தான் சாயம் எல்லா இடமும் ஏறும். ஆசைப்பட்டு அதிலிருந்தே பின்ன ஆரம்பித்தால் பத்து வரிசைக்குள் சிக்கு விழும். முதலில் உருண்டையாக்கியே ஆகவேண்டும்.

இதில் இரண்டு வேலை இருக்கிறது. வளையத்தை விரித்துப் பிடிப்பது ஒன்று, நூலைச் சுற்றுவது மற்றது. காசு செலவழிக்க நினைப்பவர்கள் எல்லோரும் இரண்டாவதைத்தான் யோசிக்கிறார்கள். கைப்பிடி வைத்த சுற்றும் இயந்திரம், வைண்டர், பார்க்க அழகாக இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. ஆனால் சிக்கு விழுவது சுற்றுகிற பக்கத்தில் இல்லை, பிடிக்கிற பக்கத்தில். வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃபிளாட்டில் பல வருடம் சுற்றிப் பார்த்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பிடிக்கிற சாமானை வாங்குங்கள்.

சரி, பிடிக்க என்னென்ன வழி?

ஒரு ஆளின் இரண்டு கை. அம்மம்மா சுற்றும்போது நான்தான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன். நூல் வரும் பக்கம் கை தானாகச் சாயும், சிக்கு வந்தால் விரல் உடனே உணரும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலுறை பின்னும் மெல்லிய நூல் 100 கிராமில் சுமார் 400 மீற்றர் வரும். வளையத்தின் சுற்றளவு ஒன்றரை மீற்றர் என்றால் ஏறக்குறைய 267 சுற்று. அவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு இருக்க இன்றைக்கு எந்தப் பிள்ளை வரும்?

அப்புறம் கதிரை. இரண்டு கதிரையை முதுகோடு முதுகு வைத்து வளையத்தை மாட்டினால் பணம் ஒரு சதமும் இல்லை. ஆனால் வளையம் சுழலாது, நாம்தான் கதிரையைச் சுற்றி நடக்கவேண்டும், அல்லது ஒவ்வொரு சுற்றையும் கையால் தூக்கி எடுக்கவேண்டும். தடித்த நூலுக்கு, அதாவது 100 கிராமில் 200 மீற்றர் வரும் வகைக்கு, இது போதும். மெல்லிய நூலுக்கு வேண்டாம். ஒரு முறை நான் வளையத்தைக் கதிரையில் மாட்டும் முன்பே கட்டுகளை வெட்டிவிட்டேன். தூக்கும்போது ஒரு பக்கம் நழுவி மடியில் விழுந்தது. நீலமும் பச்சையும் கலந்த அழகான நூல் அது. பிரித்து முடிக்க இரண்டு பின்னேரம் போனது, கடைசியில் நான்கு இடத்தில் அறுக்கவும் வேண்டியிருந்தது. எதில் மாட்டினாலும் முதலில் மாட்டி, இழுத்து நேர்படுத்தி, எல்லாச் சுற்றும் ஒரே பக்கம் ஓடுகிறதா என்று பார்த்து, அதன் பிறகே கட்டுகளை வெட்டுங்கள்.

மூன்றாவது ஸ்விஃப்ட். குடை மாதிரி விரியும் மரச் சட்டம், மேசை ஓரத்தில் திருகிப் பூட்டவேண்டும். எந்த அளவு வளையத்துக்கும் விரியும், லேசாகச் சுழலும், மடித்தால் அலுமாரி மூலையில் நிற்கும். கொழும்பு ஃபிளாட்டில் இதற்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்ணாடி. கண்ணாடியில் திருகு பூட்ட எனக்குத் துணிவில்லை. அயன் பண்ணும் பலகையில் பூட்டிப் பார்த்தேன், பலகையே ஆடியது.

நான் கடைசியில் நின்ற இடம் நான்காவது வகை. குறுக்காக வைத்த இரண்டு மரச் சட்டம், நுனியை நோக்கி வரிசையாகத் துளை, துளையில் நான்கு முளை, நடுவில் சுழலும் அச்சு. மேசையில் சும்மா வைத்தால் போதும், பூட்ட ஒன்றும் இல்லை. மொறட்டுவையில் ஒரு தச்சரிடம் படம் வரைந்து காட்டிச் செய்வித்தேன். சட்டம் ஒவ்வொன்றும் இரண்டரை அடி. உங்களுக்கும் செய்விக்க வேண்டுமென்றால் இந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்றரை மீற்றர் வளையத்துக்கு எதிரெதிர் முளைகளின் இடைவெளி 53 சென்ரிமீற்றர் வரும், 1.8 மீற்றருக்கு 64. ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு துளை போடச் சொல்லுங்கள். முளையை நன்றாக உரசச் சொல்ல மறக்கவேண்டாம். ஒரு சிராய் இருந்தாலும் மெல்லிய நூல் அதில் மாட்டும்.

இனிச் சுற்றும் பக்கம்.

வைண்டரின் கைப்பிடியைச் சுற்றினால் சாய்ந்து நிற்கும் கூம்பு சுழன்று, நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் படியவைக்கும். முடிவில் தட்டையான தலையோடு ஒரு கேக் கிடைக்கும். அது மேசையில் உருளாது, நடுவிலிருந்தும் நூல் எடுக்கலாம். வேகத்தில் இதற்குப் போட்டியே இல்லை. ஆனால் சிறிய வகை சுமார் 100 கிராம்தான் தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால் நூல் கூம்புக்குக் கீழே நழுவிப் பற்சக்கரத்தில் சிக்கும். எண்ணெய்க் கறுப்பு ஒட்டிய வெள்ளைக் கம்பளியைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

அதைவிடப் பெரிய குறை இறுக்கம். வேகமாகச் சுற்றும்போது கம்பளி இழுபட்டு நீள்கிறது. இழுபட்ட நிலையிலேயே பின்னி முடித்துக் கழுவினால் நூல் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும், உடுப்பு சிறுக்கும். குழந்தைச் சட்டை ஒன்று எனக்கு இப்படித்தான் அளவு பிசகியது. கேக்கைக் கூம்பிலிருந்து கழற்றியதும் நடு ஓட்டையைப் பாருங்கள். உடனே சுருங்கி மூடிக்கொண்டால் இறுக்கமாகச் சுற்றியிருக்கிறீர்கள். இன்னொரு முறை மெதுவாகச் சுற்றுங்கள், இரண்டாவது கேக் தளர்வாக வரும்.

கையால் சுற்றுவதில் இந்தத் தொல்லை இல்லை, ஒழுங்காகச் சுற்றினால். அம்மம்மா மூன்று விரலை உருண்டையோடு சேர்த்துப் பிடித்து, விரலுக்கு மேலாகவே சுற்றுவார். பதினைந்து இருபது சுற்று வந்ததும் விரலை உருவி, உருண்டையைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி அதே மாதிரி. விரல் இருந்த இடம் அத்தனையும் நூலுக்குத் தளர்வு. "இறுக்காத பிள்ளை, நூல் மூச்சு விடோணும்" என்பார். பெருவிரலால் அமுக்கினால் உருண்டை பஞ்சு மாதிரி உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும், கிரிக்கெட் பந்து மாதிரி இருக்கக்கூடாது. 400 மீற்றருக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் ஆகும். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் கரன்ட் போன நாட்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் வேறொன்றும் செய்ய முடியாது, நூல் மட்டும் சுற்றினேன். அப்போதுதான் என் கை இதற்குப் பழகியது.

இடையில் ஒரு கட்டை இருக்கிறது. நோர்வேயில் நோஸ்டபின்னே என்பார்கள், உருண்டைக் குச்சி என்று பொருள். ஒரு கையால் கட்டையை மெல்லத் திருப்பிக்கொண்டே மறு கையால் சாய்வாகச் சுற்றினால் நடுவிலிருந்து இழுக்கக்கூடிய அழகான உருண்டை வரும். இதைத் தனியாக வாங்கத் தேவையில்லை. மரக்கரண்டிக் காம்பு போதும். கழற்றும்போது உருவ வசதியாக நுனிப் பக்கம் மெலிந்திருந்தால் நல்லது. கையில் சுற்றுவதற்கும் இதற்கும் நேரம் ஒன்றுதான்.

நடுவிலிருந்து இழுப்பதா, வெளியிலிருந்தா என்று கேட்டால் நூலைப் பார்த்துச் சொல்லவேண்டும். சாதாரணக் கம்பளிக்கு நடு வசதி. பட்டு, மூங்கில் மாதிரி வழுக்கும் நூல் பாதி தீர்ந்ததும் உள்ளே குழிந்து மொத்தமாகச் சரியும். மொஹேர் என்பது அங்கோரா ஆட்டு மயிர் நூல். அதன் மயிர் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், நடுவிலிருந்து இழுத்தால் கொத்தாகத்தான் வரும். இந்த இரண்டுக்கும் வெளி நூல்தான், உருண்டையை ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு உருளும்.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு விஷயம் சேர்க்கவேண்டும். சிட்டத்தைக் கழுவினால் முழுக்கக் காயும்வரை சுற்றவேண்டாம். மே தொடங்கி செப்டெம்பர் வரை மழைக்காற்றில் பல்கனியில் தொங்கும் நூல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். இறுக்கிச் சுற்றிய கேக்குக்குள் அந்த ஈரம் அடைபட்டால் பூஞ்சண மணம் வந்துவிடும். உடனே பின்னப்போவதில்லை என்றால் சிட்டமாகவே வைத்திருங்கள். நானும் பின்னத் தொடங்குவதற்கு முந்தின நாள்தான் சுற்றுகிறேன்.

இப்போது என் வீட்டில் மொறட்டுவைச் சட்டமும் என் இரண்டு கையும்தான் வேலை செய்கின்றன. நான்கைந்து சிட்டம் ஒரே உடுப்புக்கு வேண்டியிருந்தால் மட்டும் வைண்டரை எடுப்பேன். மச்சாள் அடுத்த மாதம் மொஹேர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். கிண்ணம் ஒன்றைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.