தூத்துக்குடி கல் உப்பு: வாங்கும் முன் ஒரு பிடி அழுத்திப் பாருங்கள்

நல்ல கல் உப்பு உலர்ந்து உதிரும். கையில் பிசுபிசுத்தால் கோளாறு உப்பளத்திலேயே நடந்திருக்கலாம். கடல்நீர் சுமார் 3 போமே டிகிரி (உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) அடர்த்தியில் தெப்பத்துக்குள், அதாவது உப்பளத்தின் நீர்த்தேக்கத்துக்குள் வரும். வெயிலும் வறண்ட மேல்காற்றும் நீரை உறிஞ்ச உறிஞ்ச, உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரியை எட்டினால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் உப்புகளும் கலந்துவிடும். மக்னீசியம் மிகுந்த அந்தக் கசப்பு நீரைச் சரியாக வடிக்காமல் வாரிய உப்புதான் ஈரம் இழுக்கும், நாக்கில் கசக்கும்.

காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் பரல் பொடியாகவும், அசையாத நீரில் மெல்ல விளைந்தால் பெரிதாகவும் இருக்கும். ஆக, பரலின் அளவை வைத்துத் தரம் சொல்ல முடியாது.

இரண்டு கரண்டி உப்பை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் சேறு தங்கினால் அந்தக் கடையை மாற்றலாம். சாம்பாருக்குக் கரண்டிக் கணக்கு ஒத்துவராது. பரல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தூள் உப்பைவிட எடை குறையும். கரைத்து வடிகட்டி ஊற்றுவதே மேல். அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்த்த பாக்கெட்டையே வாங்குங்கள், மூடி இறுக்கமான ஜாடியில் வையுங்கள். ஈரம் பட்டால் அயோடின் குறையும்.