பாம்பன் சாலைப் பாலம்: பதினோரு ஆண்டு சைக்கிள் அனுபவம்

பின்சக்கர அச்சை உப்பு தின்றுவிட்டதால் போன வாரம் மூன்றாவது முறையாக மாற்றினேன். அன்றைக்குப் பார்த்து மதுரை நண்பர், "சைக்கிளில் பாம்பன் பாலத்தைக் கடக்க வரலாமா, அண்ணே?" என்று கேட்டார். மண்டபம் ஊரிலிருந்து பாம்பனுக்கு அந்தப் பாலம் வழியாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன்.

1988இல் திறந்த, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாலத்தின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் நடுமேட்டில் கால் ஊன்றி நின்றால், ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா, கீழே கரை திரும்பும் நாட்டுப்படகுகள். இத்தனை ஆண்டுகளாகியும் அது எனக்குச் சலிக்கவில்லை. ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எதிரே நின்று தள்ள, மாலையில் அந்த மேட்டை ஏறித் திரும்புவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது, நின்றுபோகும் வண்டிகள். ஒரு கார் நின்றால் பின்னாலேயே நான்கு நிற்கும். கதவு சட்டென்று திறக்கும். படம் எடுப்பவர்கள் குறுகிய நடைமேடையை நிறைத்துவிடுவதால், பேருந்துக்கும் கார்க் கதவுக்கும் இடையில் கிடைக்கும் இரண்டடியில்தான் சைக்கிள் போக வேண்டும். ஒருமுறை முழங்கை பெயர்ந்தது. ஆனாலும் அவர்களைத் திட்ட மனம் வருவதில்லை, ஏனென்றால் கடல்மேல் நின்று காற்று வாங்க அவர்களுக்கு வேறு இடம் யாரும் கட்டித்தரவில்லை. நெடுஞ்சாலையையே பூங்காவாக்கிக்கொண்டார்கள்.

சியோலில் 1970இல் கட்டிய மேம்பாலத்தை 2017இல் செடிகள் நிறைந்த நடைபாலமாக்கினார்கள். நியூயார்க்கில் கைவிடப்பட்ட சரக்கு ரயில் மேம்பாதையில் 2009 முதல் பூங்கா இருக்கிறது. அதன் நீளமும் கிட்டத்தட்ட நம் பாலத்தளவுதான். (அங்கே சைக்கிள் ஓட்டக் கூடாது என்பது எனக்கு உவப்பில்லை.) பாம்பனின் பழைய, 1914இன் ரயில் பாலத்தை அப்படி மாற்றலாம் என்று டீக்கடையில் சொல்வார்கள், உப்பில் அரித்த அந்த இரும்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் ஒப்பமாட்டான். நான் கேட்பது, சாலையோடு ஒட்டாத ஒரு நடை, சைக்கிள் பாதை மட்டும். பாலத்தின்மேல் மரம் நிற்காது. இரு கரை முனைகளிலும் பூவரசு, மணலில் அடும்புக்கொடி, இராவணன் மீசைப் புல் போதும். அவை இந்த உப்புக்காற்றுக்குப் பழகியவை.

நண்பருக்கு, "வர வேண்டாம்" என்று பதில் அனுப்பினேன். வந்தே தீருவேன் என்றால், கச்சான் ஓய்ந்த பிறகு, விடிவதற்கு முன் வரட்டும்; பையில் ஓர் எண்ணெய்க்குப்பி இருக்கட்டும்.